டெடி ரினேரும் பிரெஞ்சு மக்களும்



ஒரு முறை வென்றவனை ஊர் கொண்டாடும். பத்து ஆண்டுகளாக ஒரு தோல்வியும் இன்றி வென்றுகொண்டே இருப்பவனை அதே அன்போடு கொண்டாடுமா? விளையாட்டுத் துறையில் இதற்கு விடை பெரும்பாலும் 'இல்லை' என்பதே. முடிவு முன்னரே தெரிந்த பந்தயத்தில் மனம் ஈடுபடுவதில்லை. எளியவன் எவனேனும் வந்து அந்தப் பெரியவனைக் கவிழ்த்துவிட மாட்டானா என்றே பார்ப்பவர் நெஞ்சம் ஏங்கும். ஆனால் பிரெஞ்சு நாட்டு ஜூடோ வீரர் டெடி ரினேர் விஷயத்தில் இந்த வழக்கம் பொய்த்துவிட்டது. 2010 செப்டம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை 154 பந்தயங்களில் தொடர்ந்து வென்ற இவரை அந்நாட்டார் குடும்பப் பெயரிட்டு அழைப்பது அரிது. வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் 'டெடி' என்றே அரங்கம் முழுதும் முழங்குகிறது. இந்த அன்பு எவ்வாறு விளைந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஜூடோவை நம்மில் பலர் நேரில் கண்டிருக்க மாட்டோம். ஆயினும் காசியிலோ, கோலாப்பூரிலோ, டில்லியிலோ வாழும் நேயர்கள் அங்குள்ள அக்காடாக்களில் குஸ்தி பார்த்திருக்கக் கூடும். எதிராளியின் முதுகை மண்ணில் சேர்ப்பதே அங்கே வெற்றி. ஜூடோவின் நோக்கமும் ஏறக்குறைய அதுவே. வேற்றுமை பிடியில் இருக்கிறது. குஸ்தியில் உடலைப் பற்றுகிறார்கள். ஜூடோவில் எதிராளி அணிந்திருக்கும் தடித்த பருத்தி அங்கியின் கழுத்துப் பட்டையையும் கைப் பகுதியையும் பற்றுகிறார்கள். அந்தப் பிடியிலிருந்து ஒருவனை வேகமாகவும் தன் கட்டுப்பாட்டிலும் தூக்கி, முதுகு பாயில் படும்படி எறிந்துவிட்டால் அதற்கு 'இப்போன்' என்று பெயர். அந்தக் கணமே பந்தயம் முடிந்துவிடும். தரையில் எதிராளியை 20 விநாடி அசையாமல் அடக்கிப் பிடித்தாலும் முழு வெற்றிதான். தயங்கி நிற்பவனுக்கும், பிடி கொடுக்காமல் நழுவுகிறவனுக்கும் நடுவர் எச்சரிக்கை விதிப்பார். எச்சரிக்கைகள் சேர்ந்தால் தோல்வி. இந்தக் கடைசி விதியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரினேரின் கதையில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

ஜிகோரோ கானோ என்ற ஜப்பானிய ஆசிரியர் 1882-இல் டோக்கியோவில் இக்கலையை வகுத்தார். 'ஜூடோ' என்னும் சொல்லுக்கு 'மென்மையின் வழி' என்று பொருள். எதிராளியின் வலிமையை எதிர்த்து முட்டாமல், அவன் தள்ளும்போது இழுத்தும் இழுக்கும்போது தள்ளியும் அவன் நிலை குலைந்த நொடியில் வீழ்த்துவதே இதன் உயிர். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமும் ஏறத்தாழ 140 கிலோ எடையும் உள்ள ரினேர் மென்மையின் வழியில் நடக்கிறார் என்றால் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தப் பேருடல் ஒற்றைக் காலில் சுழன்று, மற்றொரு காலால் எதிராளியின் தொடையை வாரி மேலே தூக்கும் விரைவைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவ்வளவு எடையுள்ள வேறு எவரிடமும் அத்தகைய இலாவகத்தைக் காண்பது கடினம்.

இனி, பிரெஞ்சு மக்களுக்கும் ஜூடோவுக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். 1935-இல் மிகினோசுகே கவாயிஷி என்ற ஜப்பானியர் பாரிசுக்கு வந்து இக்கலையைக் கற்பிக்கத் தொடங்கினார். மேனாட்டு மாணவன் பொறுமை குறைந்தவன் என்பதை அவர் கண்டுகொண்டார் போலும். வெள்ளைக் கச்சையிலிருந்து கறுப்புக் கச்சையை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். இடையில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று படிப்படியாக நிறங்களை வைத்துக் கற்பிக்கும் முறையை ஐரோப்பாவில் பரப்பினார். ஒவ்வொரு நிறமும் ஒரு சிறு வெற்றி. குழந்தைகளுக்கு இதைவிடச் சிறந்த தூண்டுதல் வேறென்ன இருக்க முடியும்? 1946-இல் பிரெஞ்சு ஜூடோ சம்மேளனம் தோன்றியது. இன்று அதில் பதிவு பெற்றவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தாயகமான ஜப்பானில்கூடப் பதிவு பெற்ற ஜூடோ பயில்வோர் இவ்வளவு பேர் இல்லை. இவர்களில் பெரும்பகுதியினர் சிறுவர் சிறுமியர். பிள்ளை துடுக்காக இருந்தாலும் சரி, கூச்சமாக இருந்தாலும் சரி, பெற்றோர் அவனை ஜூடோ பள்ளியில் சேர்ப்பது அங்கே சாதாரண வழக்கம். அங்குப் பாயில் ஏறும்போதும் இறங்கும்போதும் வணங்க வேண்டும். பணிவு, துணிவு, நேர்மை, நட்பு, தன்னடக்கம் முதலிய பண்புகளின் பட்டியல் பயிற்சிக் கூடத்துச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும். முதல் பாடமே அடிபடாமல் விழுவது எப்படி என்பதுதான்.

ஆகவே ரினேர் பாயில் ஏறும்போது பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் வெறும் வேடிக்கை பார்க்கும் கூட்டம் அன்று. அவர்களில் எத்தனையோ பேர் சிறு வயதில் அந்த அங்கியை அணிந்து, அந்தப் பாயில் விழுந்து எழுந்தவர்கள். நம் கிராமத்தில் சிலம்பம் பழகியவன் சிலம்பக்காரன் ஒருவனைப் பார்க்கும் பார்வை வேறு அல்லவா?

ரினேருக்கு முன்பும் இந்தக் கூட்டம் ஒருவரை நெஞ்சில் ஏற்றி வைத்திருந்தது. அவர் டாவிட் டூயே. 1996-இல் அட்லாண்டாவிலும் 2000-இல் சிட்னியிலும் கனத்த எடைப் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். நான்கு முறை உலக வீரர். அட்லாண்டா வெற்றிக்குச் சில வாரங்களுக்குப் பின் மோட்டார் சைக்கிள் விபத்தில் படுகாயமுற்று, மறு ஆண்டே மீண்டு வந்து பாரிசில் உலகப் பட்டம் வென்றார். மருத்துவமனைகளில் உள்ள குழந்தைகளுக்காக நாணயங்கள் திரட்டும் இயக்கத்தில், அந்நாளைய குடியரசுத் தலைவரின் மனைவி பெர்னாடெத் ஷிராக் அம்மையாரோடு தொலைக்காட்சியில் தோன்றித் தோன்றி, நாட்டு மக்களுக்கு மிக விருப்பமானவர்களின் வரிசையில் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றார். பின்னர் அரசியலில் புகுந்து சட்டமன்ற உறுப்பினராகி, 2011-இல் விளையாட்டுத் துறை அமைச்சரும் ஆனார். கட்சிக் கொடியின் கீழ் நின்ற பிறகு அந்தப் பழைய, எல்லோருக்கும் பொதுவான அன்பு அவருக்கு முழுமையாக மிஞ்சவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய சிட்னி வெற்றியும் வழக்கில் சிக்கியது. இறுதிப் பந்தயத்தில் ஜப்பானிய வீரர் ஷினிச்சி ஷினோஹாரா, டூயேயின் தாக்குதலை நழுவவிட்டு அவரையே சுழற்றி வீழ்த்தினார். அது ஷினோஹாராவின் இப்போன் என்று ஜப்பானியர் கருதினர். நடுவர்களோ புள்ளியை டூயேக்குக் கொடுத்தனர். ஜப்பானியப் பயிற்சியாளர் யாசுஹிரோ யமாஷிதா எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. ஷினோஹாரா நடுவர்களைக் குறை கூறவில்லை; தாம் பலவீனமாக இருந்ததால் தோற்றதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். தங்கம் டூயேக்குச் சென்றது. ஆயினும் அன்றைய நாளின் பெருமையில் ஒரு பங்கு ஷினோஹாராவுக்கும் உரியது.

ரினேர் பிறந்தது பிரெஞ்சு நிலப்பகுதியில் அன்று. பாரிசிலிருந்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் 1989 ஏப்ரல் 7-ஆம் நாள் பிறந்தார். வளர்ந்ததும் ஜூடோ பயின்றதும் பாரிசில். குவாதலூப் என்ற பெயர் நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் நம் நாட்டுப் பக்கம் திரும்பினர். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் சென்றவர் தொகை 40 ஆயிரத்துக்கு மேல். அவர்களில் தமிழர் மிகப் பலர். மாரியம்மன் வழிபாடு இன்றும் அத்தீவில் உண்டு. மொழி மட்டும் நாவிலிருந்து மறைந்துவிட்டது. அவர்களின் வழிவந்தோர் பிரெஞ்சுக் குடிமக்கள்தாம் என்பதை நிலைநாட்ட ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-இல் வழக்குத் தொடங்கி, 1923 வரை போராட வேண்டியிருந்தது. ரினேர் இந்த வழியில் வந்தவர் அல்லர். எனினும், 'நீ எங்களவனா?' என்ற கேள்வி அந்தத் தீவின் மக்கள் அனைவருக்கும் பழக்கமானது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1960-களிலும் 1970-களிலும் அரசே ஏற்பாடு செய்து அத்தீவினரை ஆயிரக்கணக்கில் பாரிசுக்கு வரவழைத்தது. மருத்துவமனைகளிலும் தபால் நிலையங்களிலும் அவர்கள் உழைத்தனர். சட்டத்தில் பிரெஞ்சுக்காரர், தெருவில் வேற்றூரார். பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த நேயர்களுக்கு இந்த நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

2007-இல் ரியோ டி ஜனீரோவில் நடந்த உலகப் போட்டியில், 18 வயது ரினேர் ஒலிம்பிக் வீரர் கோசெய் இனோவேயை வழியில் வென்று, இறுதியில் ரஷ்யரான தமெர்லான் த்மெனோவையும் வென்று பட்டம் சூடினார். அதுவரை ஆடவரில் அத்தனை இளவயதில் உலகப் பட்டம் பெற்றவர் இல்லை. மறு ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உஸ்பெகிஸ்தானத்து அப்துல்லோ தங்ரீயெவ் அவரை வீழ்த்தினார். கிடைத்தது வெண்கலம். 2010-இல் டோக்கியோவில், எடைப் பிரிவு இல்லாத பொதுப் போட்டியின் இறுதியில் டைகி கமிகாவாவிடம் நடுவர் மூவரில் இருவரின் தீர்ப்பால் தோற்றார். அன்று அவர் தம் சினத்தை மறைக்கவில்லை. அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அவரைத் தோற்கடிக்க ஒருவராலும் இயலவில்லை.

அந்த நெடுங்காலத்தில் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். உலகப் பட்டங்கள் ஆண்டுதோறும் என்று சொல்லத்தக்கபடி சேர்ந்தன. 2023 வரை தனிப் போட்டியில் மொத்தம் 11. இவற்றில் கடைசிப் பட்டம், நடுவர் தீர்ப்பு மறுபரிசீலிக்கப்பட்டு, இனால் தஸோயெவ் என்ற எதிராளியோடு பகிரப்பட்டது. ஆனால் இந்தக் காலத்தையே அவருடைய பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரியோவில் ஒலிம்பிக் அணிவகுப்பில் பிரெஞ்சுக் கொடியை ஏந்திச் சென்றவர் அவர்தாம். அதே ரியோவில் இறுதிப் பந்தயத்தில் ஜப்பானின் ஹிசயோஷி ஹரசாவாவை அவர் எறியவே இல்லை. இருவரும் ஒருவர் பிடியை ஒருவர் தட்டிவிட்டுக்கொண்டே காலம் கழித்தனர். எச்சரிக்கைகளின் எண்ணிக்கையில் வெற்றி ரினேருக்கு வந்தது. அரங்கில் பலர் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினர். விதியின்படி அது குற்றமில்லாத வெற்றி. ஆனால் இழக்க நிறைய வைத்திருப்பவன் எப்படிச் சண்டையிடுவானோ அப்படி அவர் சண்டையிட்டார். தொடர் வெற்றியின் எண்ணிக்கை அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. 2017-க்குப் பின் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவர் போட்டிகளிலேயே தோன்றவில்லை.

முன்னர்க் கண்ட யமாஷிதா, வீரராக இருந்த காலத்தில் 203 பந்தயங்கள் தோல்வியின்றி ஆடியவர். ரினேர் அந்த எண்ணை எட்டுவாரா என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. 2020 பிப்ரவரி 9-ஆம் நாள், பாரிசின் பெர்சி அரங்கில், சொந்த மக்கள் முன்னிலையில், கொகோரோ ககேயூரா என்ற ஜப்பானிய வீரர் கூடுதல் நேரத்தில் ரினேரைப் பாயில் சாய்த்தார். ஒரு கணம் அரங்கம் நம்பவில்லை. பிறகு, தோற்று வெளியேறியவரைக் கைதட்டி வழியனுப்பினர். ஒரு வகையில் பாரம் இறங்கியது என்ற பொருள்படவே ரினேரும் பின்னர்ப் பேசினார். எண்ணைக் காக்கும் காவல்காரன் வேலை அன்றோடு முடிந்தது.

மக்களின் அன்பு இங்கேதான் வேறு நிறம் பெற்றது என்பது என் கருத்து. பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளி 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தனிப் போட்டியில் மூன்றாவது தங்கத்தை எதிர்பார்த்துச் சென்றார். காலிறுதியில் ரஷ்ய வீரர் தமெர்லான் பஷாயெவிடம் தோற்றார். அத்துடன் மனம் ஒடிந்து போயிருக்கலாம். பல வெற்றி வீரர்கள் அப்படித்தான் போயிருக்கிறார்கள். அவர் மீண்டும் பாயில் ஏறி, அதே ஹரசாவாவை வென்று வெண்கலம் பெற்றார். மறுநாள் ஆணும் பெண்ணும் கலந்த அணிப் போட்டியில் பிரான்சு ஜப்பானை அதன் தலைநகரிலேயே 4-1 என்று வென்று தங்கம் கொண்டது. கறுப்புக் கச்சை கட்டிய ஒவ்வொரு தந்தையும் தன் மகனிடம் 'விழுந்தால் எழு' என்று சொல்லியிருப்பான். அதைச் சொல்லும்போது சுட்டிக் காட்ட இப்போது ஓர் உருவம் கிடைத்தது. தோல்வியே அறியாத காலத்து ரினேரைக் காட்டி இதைச் சொல்லியிருக்க முடியாது.

2024 ஜூலை 26. பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க நாள். மாலை முழுதும் மழை. 1948-இல் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்று, அப்போது 100 வயதாகியிருந்த ஷார்ல் கோஸ்ட் என்பவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சுடரை நீட்டினார். வாங்கிக்கொண்டவர்கள் இருவர்: ஒருவர் ரினேர், மற்றவர், ஓட்டப் பந்தயத்தில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற மரீ-ஜோசே பெரெக் அம்மையார். இருவரும் சேர்ந்து ஏற்றிய சுடர், பெரிய பலூன் ஒன்றோடு தூயிலரி தோட்டத்திலிருந்து நகரின்மேல் எழுந்தது. பெரெக்கும் குவாதலூப்பில் பிறந்தவர். கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாலையில், நாட்டின் சுடரை ஏற்றும் இரு கரங்களும் அந்தச் சிறு தீவின் கரங்களாக அமைந்தன. இதனால் அத்தீவினரின் குறைகள் யாவும் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. அங்கே விலைவாசியும் வேலையின்மையும் இன்றும் பெருஞ்சிக்கல்கள். ஆனால் அந்தக் காட்சியைக் கண்ட குவாதலூப்பின் முதியோர் என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆகஸ்டு 2-ஆம் நாள், ஈபெல் கோபுரத்தின் அருகில் ஷான்-த-மார்ஸ் திடலில் கட்டிய அரங்கில் ரினேர் இறுதிப் பந்தயத்துக்கு வந்தார். வயது 35. எதிரில் நின்றவர் கொரியாவின் கிம் மின்-ஜொங், அவ்வாண்டின் உலக வீரர். நேரம் முடியும் தறுவாயில் ரினேர் அவரை இடுப்பில் ஏற்றிச் சுழற்றி முதுகுபட எறிந்தார். இப்போன். ரியோவில் கிடைக்காத முடிவு அது. அந்த எறிதலையே கூட்டம் எட்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அணிப் போட்டியின் இறுதி, மீண்டும் ஜப்பானோடு. பிரான்சு 1-3 என்று பின்தங்கியது. அப்போது ஜொவான்-பெஞ்சமின் காபா என்ற இளைஞர், ஒலிம்பிக் தங்கம் இரண்டு பெற்ற ஹிஃபுமி அபேயை வீழ்த்தியது யாரும் எதிர்பாராதது. அபே தம் எடைக்கு மேற்பட்ட பிரிவில் ஆட நேர்ந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அடுத்து கிளாரிஸ் அக்பெக்னெனு வென்று 3-3 ஆக்கினார். முடிவுப் பந்தயம் எந்தப் பிரிவில் என்பதைத் திரையில் சுழன்ற மின்சக்கரம் குலுக்கிச் சொல்ல வேண்டும். சக்கரம் நின்ற இடம் ஆடவரின் கனத்த எடைப் பிரிவு; அதாவது ரினேர். ஜப்பானில் பலர் இதை ஐயத்தோடு பார்த்தனர். அவர்கள் மனம் வருந்தியதில் வியப்பில்லை. சற்று முன் ரினேரிடம் தோற்றிருந்த 22 வயது தத்சுரு சைட்டோ மறுபடியும் அவரையே எதிர்கொள்ள நேர்ந்தது. 1984-இலும் 1988-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹிதோஷி சைட்டோவின் மகன் அவர். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தவர். தந்தையின் பெயரைச் சுமந்து வந்த அந்த இளைஞர் கூடுதல் நேரத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் தாக்குப் பிடித்தார். பின்னர் ரினேர் அவர் காலை உள்ளிருந்து கொய்து வீழ்த்தினார். தங்கம் பிரான்சுக்கு. ரினேருக்கு அது ஒலிம்பிக்கில் ஐந்தாவது தங்கம். வெண்கலம் இரண்டையும் சேர்த்து ஏழாவது பதக்கம். ஜூடோவில் வேறு எவரும் இத்தனை ஒலிம்பிக் பதக்கம் பெற்றதில்லை.

2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அடுத்த ஒலிம்பிக் நடக்கும்போது அவருக்கு வயது 39 ஆகியிருக்கும். அங்கும் போட்டியிடும் விருப்பத்தை அவர் வெளியிட்டிருக்கிறார். சென்றால் அது அவருடைய ஆறாவது ஒலிம்பிக்.